குளியலறையில் ஈரம்: காரணமும் காப்பும்

சேலம், நாமக்கல் சமவெளிக் கிராமங்களில் இன்று வீட்டை ஒட்டிக் குளியலறையும் கழிப்பறையும் எழுந்துள்ளன. 2014ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கத்தின்கீழ், தகுதியுள்ள குடும்பங்களுக்குக் கழிப்பறை கட்ட ரூ.12,000 ஊக்கத்தொகை வழங்கப்பட்டது. ஆயினும், கட்டிய அறை ஈரத்தால் கெட்டு, விறகு அடுக்கும் இடமாகிவிடின் பயன் யாது? பாசி படர்ந்த தரையில் முதியோர் வழுக்கி விழுவர். பூஞ்சணம் இளைப்பு நோயாளரை வருத்தும். தளத்தினுள் இரும்புக் கம்பி துருப்பிடித்துப் பருத்துக் காரையைப் பெயர்த்துவிடும். எனவே ஈரம் வரும் வழியை நாம் முதலில் அறிதல் வேண்டும்.

மூன்று வழிகள்

முதலாவது நீராவி. மார்கழி, தை மாத விடியலில் சுவர் குளிர்ந்திருக்கும். வெந்நீரின் ஆவி அதிற்பட்டு நீர்த்துளியாகும். குளிர்ந்த நீருள்ள செம்பின் புறத்தே துளிகள் அரும்புவதும் இவ்வாறே. தகரக் கூரை இரவில் விரைந்து குளிர்வதால் அதில் சொட்டு மிகும்.

இரண்டாவது நிலத்தின் ஓதம். விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோலச் செங்கல் மண்ணின் ஈரத்தை மேலிழுக்கும். இராஜ வாய்க்கால் பாயும் பரமத்தி வேலூர்ப் பக்கம் போன்ற நஞ்சை நிலங்களில் இதில் மிகுந்த கவனம் தேவை.

மூன்றாவது, குழாய் இணைப்பிலும் தளத்தின் வெடிப்பிலும் ஏற்படும் கசிவு.

கண்டறியும் முறை

சுவரைத் துடைத்து உலர்த்தி, ஒரு சாண் சதுர பிளாஸ்டிக் தாளை நாற்புறமும் இடைவெளியின்றி ஒட்டுக. ஒருநாள் கழித்துப் பார்க்கையில், தாளின் மேற்புறம் துளிகள் இருந்தால் அது ஆவி. உட்புறம் இருந்தால் சுவரிலேயே ஈரம் உண்டு. அவ்வீரம் தரையிலிருந்து மேலேறி உப்புப் பூத்திருப்பின் பெரும்பாலும் ஓதம். குழாயை அல்லது கூரையை ஒட்டியிருப்பின் கசிவு எனக் கொள்ளலாம்.

செய்யத்தக்கவை

ஆவி வெளியேறச் சுவரின் மேற்பகுதியில் சாளரமும், காற்று நுழையக் கதவின் அடியில் ஓரங்குல இடைவெளியும் வேண்டும். மறைவுக்காகச் சாளரத்தைச் சாக்கால் அடைப்பது தவறு; சாய்வுப் பலகைகள் பொருத்தினால் மறைவும் காற்றும் ஒருங்கே கிடைக்கும். வாளியில் முதலில் தண்ணீரையும் பின்னர் வெந்நீரையும் ஊற்றினால் ஆவி குறையும். குளித்தபின் தரைநீரைத் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்து வைத்தல் நலம்.

ஓதத்தைத் தடுக்க, புதுச்சுவரில் நிலமட்டத்திற்கு அரையடி மேலே, நீர்த்தடுப்புத் தூள் கலந்த சிமெண்டுக் காரைப் படுகையிட்டு அதன்மேல் தார் பூசுதல் வேண்டும். பழைய சுவராயின், உதிரும் பூச்சை நீக்கி, நன்கு உலரவிட்டுச் சுண்ணாம்பு அடிக்கலாம். ஈரச்சுவரில் எண்ணெய் வண்ணம் பூசினால் அது கொப்புளித்து உரிந்துவிடும்.

தரைக்கு அடிக்குக் கால் அங்குலம் சரிவு தேவை. குளித்த நீர் சுவரடியில் தேங்கலாகாது. அதைச் சலதாரை வழியே, கிணற்றுக்கும் சுவருக்கும் விலகியுள்ள உறிஞ்சுகுழிக்கோ வாழைக்கோ விடுக. கசிவுள்ள இணைப்பை உடனே சீர்செய்க.

ஊராட்சியின் பங்கு

ஊராட்சி உறுப்பினர்கள் வீடு கட்டும் இடங்களைப் பார்வையிடும்போது சாளரம், தரைச்சரிவு, ஈரத்தடுப்புப் படுகை, நீர் போகும் வழி ஆகிய நான்கையும் கேட்டறிதல் வேண்டும். இவற்றுள் படுகையைச் சுவர் எழுந்தபின் இடுதல் அரிது. ஆகவே, கடைக்கால் போடும் நாளிலேயே கொத்தனாரிடம் இவற்றைச் சொல்லி வைப்போமாக.