வெண்புள்ளி நோயும் கார்போகரிசியும்

உடலின் தற்காப்பு அணுக்களே தோலுக்கு நிறம் தரும் அணுக்களைத் தாக்கி அழிப்பதால் தோன்றுவது வெண்புள்ளி நோயாகும். இது தொற்றுவதில்லை, உயிருக்கு இடர் விளைவிப்பதும் இல்லை. எனினும், ‘வெண்குட்டம்’ என்னும் தவறான பெயரால் தொழுநோயோடு சேர்த்து எண்ணப்பட்டு வந்தது. இதனால் திருமணத்திலும் வேலைவாய்ப்பிலும் நோயாளிகள், குறிப்பாகப் பெண்கள், புறக்கணிக்கப்படுகின்றனர்.

இரு நாடுகளின் மூலிகை

இந்நோயை ஆயுர்வேதம் ‘சுவித்திரம்’ என்கிறது. அதற்குக் கூறப்படும் மருந்துகளுள் முதன்மையானது பாகுசி விதை. தமிழில் கார்போகரிசி எனப்படுவதும் இதுவே. சீன மருத்துவத்தில் இதன் பெயர் ‘பு கு சி’. விதையை அரைத்துப் பூசி, வெயில் படச் செய்வது பழைய முறை. 1933-இல் இந்திய வேதியியலறிஞர்கள் இவ்விதையிலிருந்து சோரலென் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். 1940-களில் எகிப்திய மருத்துவர் எல் மொஃப்தி, நைல் பகுதிச் செடியொன்றிலிருந்து கிடைத்த இதே இனப் பொருளைக் கொண்டு வெண்புள்ளிக்குச் சிகிச்சை அளித்தார். 1974-இல் அமெரிக்காவில், இவ்வினப் பொருளோடு புறஊதாக் கதிரைச் சேர்த்துச் செதில்படை நோய்க்குச் சிகிச்சையளிக்கும் முறை வெளியிடப்பட்டது.

அளவின் இன்றியமையாமை

கதிர் பட்டவுடன் சோரலென் வினைபுரிகிறது. தாக்கும் அணுக்கள் அடங்குகின்றன. மயிர்க்கால்களில் எஞ்சிய நிற அணுக்கள் பெருகிப் பரவுகின்றன. மயிரற்ற விரல் நுனியிலும் உதட்டிலும் பயன் குறைவாக இருப்பதன் காரணம் இதுவே. விதைக்கு விதை சோரலெனின் அளவு வேறுபடும். அளவு மிகுந்தாலோ வெயில் மிகுந்தாலோ தோல் கொப்புளிக்கும். உட்கொண்டவர்களுக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்ட நிகழ்வுகளும் உண்டு. எனவே, மூலிகை என்பதனாலேயே தீங்கற்றது எனக் கருதுதல் பிழை. இன்று, சோரலென் தேவைப்படாத குறுகிய அலைப்பட்டைப் புறஊதாக் கதிர்ச் சிகிச்சையே பெரிதும் மேற்கொள்ளப்படுகிறது.

பொருளாதாரக் கூறு

கதிர்ச் சிகிச்சைக்கு வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள் எனப் பல மாதங்கள் வர வேண்டும். ஜுன்னர் போன்ற வட்டங்களிலிருந்து புனே நகருக்கு வரும் கூலித் தொழிலாளிக்கு, மருந்தின் விலையைவிடப் பேருந்துக் கட்டணமும் இழந்த கூலியுமே பெருஞ்சுமையாகும். ‘சில நாளில் குணம்’ என்னும் விளம்பரம் அவரை ஈர்ப்பது இதனாலேயே. 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாய மருத்துவம் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம், வெண்புள்ளியைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது. சட்டம் இருப்பது மட்டும் போதாது. மாவட்ட அளவில் அது செயற்பட வேண்டும்.

புனேயின் வாய்ப்புகள்

இதற்கு வேண்டிய அறிவுத் துறைகள் அனைத்தும் புனேயில் உள்ளன. 1933-இல் தோன்றிய திலகர் ஆயுர்வேத மகாவித்யாலயம், 1946-இல் தொடங்கிய பி. ஜே. மருத்துவக் கல்லூரி, மூலிகைகளை ஆராயும் அகர்கர் ஆராய்ச்சி நிறுவனம், 1955-இல் நிறுவப்பட்ட இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் மேற்கு மண்டல மையம் ஆகியன இந்நகரில் இயங்குகின்றன. விதையை அடையாளம் காணுதல், சோரலெனின் அளவை வரையறுத்தல், நோயாளிகளிடம் முறைப்படி சோதித்தல் என்னும் மூன்று பணிகளையும் ஒரே நகரில் இணைத்துச் செய்ய இயலும். நோயாளிகளுக்குத் துணைநிற்கும் ‘சுவேதா’ அமைப்பும் இங்கு உள்ளது.

மரபு மருத்துவம் குறிப்பைத் தந்தது. அளவீடு அதனை மருந்தாக்கியது. வட்ட மருத்துவமனைகளில் கதிர்க் கருவிகள் அமைவதும், பள்ளிகளில் ‘இது தொற்றாது’ எனக் கற்பிக்கப்படுவதுமே அடுத்து வேண்டிய பணிகள். இவற்றுள் இரண்டாவதற்குச் செலவு மிகக் குறைவு. அதனை உடனே தொடங்கலாம்.