நாமக்கல்லிலிருந்து ஒரு டேனிஷ் கரைக்கு

கேள்வி: பால்டிக் கடலோர ஊர்களைப் படத்தில் பார்த்து ஆசைப்படுகிறோம். அவ்வளவு தூரம் போக வசதியில்லை. குழந்தைகளோடு இங்கிருந்து போய்வர அப்படியொரு ஊர் உண்டா?
— வாசகி, ராசிபுரம்

பதில்: இருக்கிறதே, தரங்கம்பாடி! பால்டிக் கரை நாடான டென்மார்க் 225 ஆண்டுகள் வைத்திருந்த ஊர். 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கர் டேனிஷ் மன்னருக்குத் தங்க ஏட்டில் தமிழில் எழுதிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. 1845-ல்தான் ஆங்கிலேயர் ஊரை விலைக்கு வாங்கினார்கள்.

சேலம்–மயிலாடுதுறை ரயில் நாமக்கல் வழியாகவே போகிறது. மயிலாடுதுறையில் இறங்கினால் பஸ்தான். ஊருக்குள் நுழையும் வாசலே 1792-ல் கட்டியது. அங்கிருந்து ராஜவீதியில் நடந்தே போங்கள், வண்டி வேண்டாம். வழியில் சீகன்பால்கு கட்டிய புதிய எருசலேம் தேவாலயம், 1718. வாசலுக்கு மேலே டேனிஷ் மன்னரின் கிரீட முத்திரையைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். சீகன்பால்குவின் கல்லறையும் உள்ளேதான். தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சேற்றியவர் அவர்.

வீதி முடிகிற இடத்தில் டேன்ஸ்போர்க் கோட்டை, உள்ளே அருங்காட்சியகம். கோட்டையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். என்னைக் கேட்டால், பக்கத்திலுள்ள மாசிலாமணிநாதர் கோயில்தான் முக்கியம். குலசேகர பாண்டியன் காலத்துக் கோயில். முன்பகுதியைக் கடல் அரித்துத் தின்றுவிட்டது. அலைத்தடுப்புக் கற்களுக்கு இந்தப் பக்கம் நின்று பாருங்கள், எவ்வளவு இழந்திருக்கிறோம் என்று புரியும்.

கடலில் இறங்கிக் குளிக்க மட்டும் வேண்டாம். காவிரி மடுவில் நீந்திய பழக்கம் இங்கே உதவாது. விடியற்காலையில் கரையில் நடங்கள், அது போதும்.