மங்குவதற்குள் ஜெராக்ஸ் எடுங்கள்

மகளுக்குத் தனியார் மருத்துவமனையில் பிரசவம். "குழந்தையின் துடிப்பு குறையுது" என்று நர்ஸ் சொல்லியும், டாக்டர் வர 2 மணி நேரமானது. பேரன் பிறந்ததும் அழவில்லை. இப்போது 14 மாதம், கழுத்து நிற்கவில்லை. மூளை வாதம் என்கிறார்கள். வழக்குப் போட வசதியில்லை. வழி உண்டா?
— வாசகி, திண்டுக்கல்

உண்டு அம்மா. முதலில் காலண்டரைப் பாருங்கள். நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க 2 ஆண்டுதான் கெடு. மீதி 10 மாதம்.

மகளை விட்டு மருத்துவமனைக்கு கேஸ் ஷீட் நகல் கேட்டு எழுதச் சொல்லுங்கள். மருத்துவக் கவுன்சில் விதிப்படி 72 மணி நேரத்துக்குள் தந்தாக வேண்டும். 'நாளைக்கு வாங்க' என்பார்கள்; கடித நகலில் முத்திரை வாங்காமல் நகராதீர்கள். குழந்தையின் இதயத்துடிப்பு பதிவான நீளத் தாளையும் தனியாகக் குறிப்பிட்டுக் கேளுங்கள். அது மளிகைக்கடை பில் போன்ற தாள், பீரோவுக்குள்ளேயே மங்கிவிடும். கைக்கு வந்த அன்றே ஜெராக்ஸ் எடுங்கள். துடிப்பு சரிந்த நேரம் அதில் இருக்கும். டாக்டர் வந்த நேரம் நர்ஸ் குறிப்பில் இருக்கும். இரண்டையும் சேர்த்து வைத்தால் வழக்கில் பாதி தானே பேசும்.

மீதிப் பாதிக்கு, வெளியூர் மகப்பேறு மருத்துவர் ஒருவரிடம் அவற்றைக் காட்டி எழுத்தில் கருத்து வாங்குங்கள். மூளை வாதம் எல்லாமே பிரசவத் தவறால் வருவதில்லை. எதிர்த்தரப்பு முதலில் பிடிப்பது இதைத்தான்.

பணக் கவலை வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தருவது சட்டம். மருத்துவமனைக்குக் கட்டியது 5 லட்சத்துக்குள் என்றால், எவ்வளவு இழப்பீடு கேட்டாலும் புகார்க் கட்டணம் கிடையாது. இலவச வக்கீல் தரும் சட்டப் பணிகள் ஆணைக்குழு மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. போகுமுன் சட்ட உதவி எண்ணான 15100-க்கு ஒரு போன் போடுங்கள்.