வீட்டில் ஈரப்பதம் குறைய எந்தக் குளிர்சாதனம் ஏற்றது?

குளிர்சாதனம் ஓடியும் அறை ஈரமாகவே இருக்கிறதா? மெத்தையும் தலையணையும் பிசுபிசுக்கின்றனவா? அலமாரித் துணிகளில் பூஞ்சை வாடை வீசுகிறதா? கருவி போதவில்லை என்று உடனே முடிவு செய்யாதீர்கள். அது அறைக்குத் தேவையானதைவிடப் பெரியதாக இருக்கலாம்.

ஈரப்பதம் ஏன் முக்கியம்?

சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாக 80 விழுக்காட்டுக்கும் அதிகம். விடியற்காலையில் 90 விழுக்காட்டையும் தாண்டுவதுண்டு. வீட்டுக்குள் ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்குமேல் நீடித்தால் சுவரிலும் துணியிலும் பூஞ்சை எளிதில் படரும். மெத்தையில், கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சிகள் பெருகும். ஆஸ்துமா, நாட்பட்ட நுரையீரல் நோய், ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இருமலும் மூச்சுத்திணறலும் கூடலாம்.

பெரியது எப்போதும் நல்லதல்ல

ஐஸ் தண்ணீர்க் குவளையின் வெளிப்புறம் வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோலவே, அறைக் காற்று குளிர்சாதனத்தின் குளிர்ந்த குழாய்களில் படும்போது அதிலுள்ள ஈரம் நீர்த்துளிகளாக மாறி, வடிகுழாய் வழியாக வெளியேறுகிறது. இதற்குக் கருவி சற்று நேரம் தொடர்ந்து ஓட வேண்டும்.

சிறிய அறையில் மிகப் பெரிய கருவியைப் பொருத்தினால், அறை சில நிமிடங்களில் குளிர்ந்து கம்ப்ரசர் நின்றுவிடும். ஈரம் காற்றிலேயே தங்கிவிடும். வெப்பநிலையை மேலும் குறைத்தால் குளிரும் மின்கட்டணமும் கூடும். பிசுபிசுப்பு பெரிதாகக் குறையாது.

வாங்கும்போது கவனியுங்கள்

• அறையின் நீள அகலத்தை அளந்து செல்லுங்கள். வீவக வீட்டின் சாதாரணப் படுக்கையறைக்குப் பெரும்பாலும் 9,000 பி.டி.யு. போதும். மாலை வெயில் நேராக விழும் அறைக்குக் கூடுதலாகத் தேவைப்படலாம்.
• இன்வெர்ட்டர் வகையைத் தேர்ந்தெடுங்கள். அறை குளிர்ந்தபின் அது சட்டென்று நிற்காமல், வேகத்தைக் குறைத்துக்கொண்டு தொடர்ந்து ஓடும்.
• ரிமோட்டில் ஈரப்பதம் நீக்கும் பொத்தான் உள்ளதா என்று கேளுங்கள். பல கருவிகளில் அதற்கு நீர்த்துளிப் படம் இருக்கும்.
• எரிசக்திச் சிட்டையில் டிக் குறிகள் அதிகமாக இருந்தால் மின்சாரம் மிச்சம். 5 டிக் மிகச் சிறந்தது.
• கட்டட, கட்டுமான ஆணையத்தின் பயிற்சி பெற்றவரைக் கொண்டே பொருத்துங்கள்.

பயன்படுத்தும்போது

• 25 டிகிரியில் தொடங்குங்கள். மழை நாளில் ஈரப்பதம் நீக்கும் பொத்தானைப் பயன்படுத்துங்கள்.
• கருவி ஓடும்போது சன்னல், கதவுகளை மூடுங்கள். அந்த அறையில் ஈரத் துணி உலர்த்தாதீர்கள்.
• குளிர்காற்று கட்டிலின்மேல் நேராக வீசாதபடி திருப்பி வையுங்கள்.
• வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவி, நன்றாக உலர்த்தி மாட்டுங்கள். நாற்காலிமேல் ஏறாதீர்கள்; பிள்ளைகளிடமோ பராமரிப்பாளரிடமோ உதவி கேளுங்கள்.
• கருவியிலிருந்து தரையில் நீர் சொட்டினால் உடனே துடைத்து, பழுதுபார்ப்பவரை அழையுங்கள். வழுக்கி விழும் அபாயம் உண்டு.

குறைந்ததா என்று எப்படித் தெரியும்?

ஈரப்பதம் காட்டும் சிறிய மானி ஒன்றைக் கட்டில் அருகே வையுங்கள். கருவி ஒரு மணி நேரம் ஓடிய பிறகும் 60 விழுக்காட்டுக்குக் கீழே இறங்காவிட்டால், பராமரிப்பு நிறுவனத்திடம் சோதிக்கச் சொல்லுங்கள்.

இருமல் மூன்று வாரத்துக்குமேல் நீடித்தால், ஈரத்தின்மேல் பழியைப் போட்டுக் காத்திருக்க வேண்டாம். குடும்ப மருத்துவரையோ பலதுறை மருந்தகத்தையோ நாடுங்கள். மூச்சுவிடச் சிரமமாக இருந்தால் உடனே 995ஐ அழையுங்கள்.