அனைவருக்குமான வாசல்

நுழையும்முன்

படிக்கட்டைக் கண்டதும் ஏறத் தொடங்குகிறோம். அதைப் பற்றி நாம் எண்ணுவதில்லை. ஏற இயலாதவருக்கோ அதே படிக்கட்டு மதிலாகிவிடுகிறது. கோட்டையும் கோயிலும் நூலகமும் பேருந்தும் யாருக்கு உரியவை என்னும் வினாவிற்கு அவற்றின் வாசல்களே விடை கூறுகின்றன. அவ்விடையை மாற்றுவதற்கு நிகழ்ந்த முயற்சிகளை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஒரு பயணம்

மஞ்சள் விளையும் வயல்களுக்கு நடுவே, போதமலைக்கு அருகே அமைந்த ஊர் நாமகிரிப்பேட்டை. நாகசுரக் கலைஞர் கிருஷ்ணனால் இசையுலகில் பெயர் பெற்ற ஊர் இது. இவ்வூர்ப் பள்ளி மாணவர்கள் இராசிபுரம் வழியாக நாமக்கல் கோட்டையைக் காணச் செல்வதாகக் கொள்வோம். அவர்களுள் ஒருவர் சக்கர நாற்காலியைப் பயன்படுத்துபவர், ஒருவர் பார்வையற்றவர், மற்றொருவர் செவித்திறன் குறைந்தவர்.

நாமக்கல் நகரின் நடுவே ஒற்றைப் பாறையாக எழுந்து நிற்கிறது மலை. அதன் உச்சியில் கோட்டை. இரு சரிவுகளிலும் பாறையைக் குடைந்து அமைத்த நரசிம்மர், அரங்கநாதர் கோயில்கள். பாறையில் வெட்டிய படிகளில் ஏறிச் சென்றால் கோட்டையை அடையலாம். ஆனால், முதலாம் மாணவருக்கு அப்படிகள் வருவதற்கு முன்பே தடை தொடங்கிவிடுகிறது. உயரமான படிகளைக் கொண்ட பேருந்தில் அவரைத் தூக்கித்தான் ஏற்ற வேண்டும். குறுகிய கதவுடைய கழிவறைக்குள் அவருடைய நாற்காலி நுழையாது. பார்வையற்ற மாணவருக்கு அச்செழுத்தில் மட்டும் அமைந்த அறிவிப்புப் பலகை பயன்படாது. செவித்திறன் குறைந்த மாணவருக்கு வழிகாட்டியின் விளக்கம் எட்டாது. மூவருக்கும் ஆர்வம் ஒன்றே. தடைகள்தாம் வேறு வேறு.

வீட்டு வாசல் முதல் காணவேண்டிய இடம் வரை பாதை தொடர்ந்து அமைய வேண்டும். இடையில் ஓரிடத்தில் அறுந்தாலும் முழுப் பயணமும் வீணாகிறது. கோட்டையடியில் சாய்தளம் இருந்து, பேருந்தில் ஏற வழி இல்லையெனில் அச்சாய்தளத்தால் யாருக்குப் பயன்?

இரக்கமன்று, உரிமை

உடற்குறையே தடைக்குக் காரணம் என்று உலகம் நெடுங்காலம் கருதியது. கட்டடமும் வாகனமும் அமைக்கப்பட்ட முறையே தடையை உண்டாக்குகிறது என்பது இன்றைய தெளிவு. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஏறத்தாழ 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் உள்ளனர். முதியோர், கருவுற்ற பெண்கள், கைக்குழந்தையுடன் வருவோர், கால் முறிந்து ஊன்றுகோலுடன் நடப்போர் ஆகியோரையும் சேர்த்து எண்ணினால் தடையற்ற பாதை எத்துணைப் பேருக்குத் தேவை என்பது விளங்கும்.

ஐக்கிய நாடுகள் அவை 2006ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான உடன்படிக்கையை ஏற்றது. இந்தியா 2007இல் அதனை உறுதிசெய்தது. அதன் 30ஆம் பிரிவு, நூலகம், அருங்காட்சியகம் போன்ற இடங்களையும், இயன்றவரை பண்பாட்டுச் சிறப்புடைய நினைவுச் சின்னங்களையும் மாற்றுத்திறனாளிகள் அணுகுவதை உரிமையாகக் கூறுகிறது. அதாவது, உணவும் மருந்தும் மட்டுமன்றி அழகும் வரலாறும் அவர்களுக்கு உரியவை. இவ்வுடன்படிக்கையைச் செயல்படுத்தும் வகையில் இந்தியாவில் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இயற்றப்பட்டது.

எனினும், சட்டம் எழுதப்பட்டதாலேயே படிகள் மறைந்துவிடவில்லை. பார்வைக் குறைபாடுடைய ராஜீவ் ரதூரி, பொது இடங்களை அனைவரும் அணுகத்தக்கனவாக ஆக்கக் கோரி 2005ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தை நாடினார். 2017இல் நீதிமன்றம் பல நெறிமுறைகளை வழங்கியது. 2024 நவம்பர் 8 அன்று வழங்கிய தீர்ப்பில், அணுகல் தரங்களைப் பரிந்துரைகளாக மட்டும் விட்டுவைத்த விதி, சட்டத்தின் நோக்கத்திற்கு முரணானது என்று கூறியது. கட்டாயமாகப் பின்பற்றத்தக்க தரங்களை மூன்று மாதங்களில் வகுக்குமாறு ஆணையிட்டது. ஒரு மனிதர் எழுப்பிய வினா, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கடந்து நாட்டுக்கே விடையானது.

கடலைத் தொட்ட பாதை

சென்னை மெரினாவின் அகன்ற மணற்பரப்பில் சக்கர நாற்காலி புதைந்துவிடும். ஆதலால், நகரத்தில் வாழ்ந்தும் அலையில் கால் நனைக்காதவர் பலர் இருந்தனர். மாற்றுத்திறனாளிகளின் தொடர்ந்த கோரிக்கையால் சில ஆண்டுகள் டிசம்பர் மாதத்தில், சில நாள்களுக்கு மட்டும் தற்காலிகப் பாதை அமைக்கப்பட்டது. ஆண்டில் சில நாள்கள் மட்டும் கிடைப்பதை உரிமை என்று கூற இயலுமா? நிலையான பாதை வேண்டும் என்னும் குரல் ஓயவில்லை. 2022 நவம்பர் 27 அன்று 263 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் கொண்ட மரப்பாதை திறக்கப்பட்டது.

அடுத்த இரு வாரங்களுக்குள் மாண்டஸ் புயல் அப்பாதையின் கடலோரப் பகுதியைச் சிதைத்தது. பின்னர் அது சீரமைக்கப்பட்டு மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தது. அமைப்பதோடு கடமை முடிவதில்லை. பேணுவதும் அதில் அடங்கும் என்பதை அந்தப் புயல் உணர்த்தியது.

தொன்மையும் அணுகலும்

பழஞ்சின்னங்களில் மாற்றம் செய்தால் அவற்றின் தொன்மை கெடாதா என்னும் ஐயம் எழுவது இயல்பே. கிரேக்க நாட்டின் ஏதென்சு நகரில் உள்ள அக்ரோபொலிசும் நாமக்கல் கோட்டையைப் போலவே பாறைமீது அமைந்தது. அங்கு 2020 டிசம்பரில் புதிய மின்தூக்கி இயங்கத் தொடங்கியது. மேலே அமைத்த கற்காரைப் பாதைகள் தொன்மைக்கு ஊறு விளைவிக்கின்றன என்னும் கண்டனமும் எழுந்தது. தொன்மை, அணுகல் ஆகிய இரண்டும் மதிக்கத்தக்கவையே. பழங்கல்லை வெட்டாமலும் துளைக்காமலும், வேண்டும்போது எடுத்துவிடக்கூடிய வகையில் சாய்தளம் அமைப்பதே இரண்டையும் காக்கும் வழி.

இது இயலக்கூடியதே என்பதற்குச் சான்று உண்டு. 2001இல் இயற்பியல் அறிஞர் ஸ்டீபன் ஹாக்கிங் டெல்லிக்கு வந்தபோது சில நினைவுச் சின்னங்களில் தற்காலிக மரச் சாய்தளங்கள் அமைக்கப்பட்டன. உலகப் புகழ்பெற்ற ஒருவருக்காகச் சில நாள்களில் அமைந்த வழி, பெயர் அறியப்படாத மாணவருக்கு அமையாதது ஏன்?

எல்லாப் பாறையிலும் சக்கர நாற்காலி ஏற இயலாதுதான். அங்கும் செய்யத்தக்கன பல உள்ளன. அடிவாரத்தில் தொட்டுணரத்தக்க கோட்டை மாதிரி, பிரெய்லி விளக்கப் பலகை, சைகை மொழியுடன் கூடிய காணொலி, உச்சியிலிருந்து தெரியும் காட்சியின் படத்தொகுப்பு ஆகியவற்றை அமைக்கலாம். உச்சிக்குச் செல்ல இயலாதவரிடம் உச்சியைக் கொண்டுவருவதும் அணுகலே.

தெரியுமா?

சாய்தளத்தின் சரிவு 1:12 என்னும் விகிதத்தில் அமைய வேண்டும். 15 செ.மீ. உயரமுள்ள மூன்று படிகளுக்கு ஈடாக (45 செ.மீ.) 540 செ.மீ. நீளச் சாய்தளம் தேவை. இதனினும் செங்குத்தாக அமைந்தால் நாற்காலி பின்னோக்கிச் சரியக்கூடும். பெயருக்கு அமைத்த சாய்தளம் படிக்கட்டைவிட இடர் மிகுந்தது.

நம் வாசலில் தொடங்குவோம்

தேர்தல் நாளில் வாக்குச்சாவடியாகும் பள்ளிகளில் வாக்காளர்களுக்காகச் சாய்தளம் அமைக்கப்படுகிறது. அப்பள்ளியின் நூலகத்துக்கும் ஆய்வகத்துக்கும் கழிவறைக்கும் அத்தகைய வழி உண்டா என்று நோக்குவது மாணவர் கடமை. மாற்றுத்திறனாளியைத் தூக்கிச் செல்லும் கைகள் அன்புடையவை. தூக்க வேண்டிய தேவையே இல்லாமற் செய்யும் பாதை அறமுடையது. பிறர் துணையை எதிர்நோக்காமல் தாமே விரும்பிய நேரத்தில் வரவும் போகவும் இயல்வதே ஒருவரின் தன்மதிப்பு. அத்தன்மதிப்பைக் காக்கும் வாசலே அனைவருக்குமான வாசல்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளியிலுள்ள படிகளின் உயரத்தை அளந்து, தேவையான சாய்தளத்தின் நீளத்தைக் கணக்கிடுக.
2. உங்கள் ஊர்ப் பேருந்து நிலையம், நூலகம், கோயில் ஆகியவற்றுள் ஒன்றைப் பார்வையிட்டு, அங்குள்ள தடைகளைப் பட்டியலிடுக. அவற்றை நீக்கக் கோரி உரிய அலுவலருக்கு விண்ணப்பம் எழுதுக.

மதிப்பீடு

குறுவினா: மெரினா மரப்பாதை உணர்த்தும் படிப்பினை யாது?

சிறுவினா: பழஞ்சின்னங்களின் தொன்மை கெடாமல் அணுகலை அமைக்கும் வழிகளை விளக்குக.

நெடுவினா: ‘அணுகல் என்பது இரக்கமன்று, உரிமை’ – பாடத்தின்வழி நிறுவுக.