படைப் பொறியாளரின் இயற்பியல்

காஞ்சிபுரத்துக்கு அருகேயுள்ள புள்ளலூரில் 1780 செப்டம்பர் 10ஆம் நாள், ஐதர் அலி, திப்பு சுல்தான் படைகளிடம் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை ஒன்று தோற்றது. காஞ்சியில் காத்திருந்த தளபதி மன்றோ, கனத்த பீரங்கிகளைக் கோவில் குளத்தில் தள்ளிவிட்டுப் பின்வாங்கினார். அதே மாதம் 30ஆம் நாள் சென்னையில் 'பயனியர்' என்ற பெயரில் இரண்டு கம்பெனி வீரர்கள் திரட்டப்பட்டனர். வழி வெட்டுவதும் தடைகளை அகற்றுவதும் அவர்கள் வேலை. இன்று பெங்களூரில் இருக்கும் மெட்ராஸ் பொறியாளர் படைப்பிரிவு அவர்கள் வழி வந்ததே. இராணுவத்தில் இவர்களைச் செல்லமாகத் 'தம்பிகள்' என்றே அழைக்கிறார்கள்!

காஞ்சிபுரத்தை அடுத்த கீழ்ஒட்டிவாக்கத்துக்காரரான சுபேதார் சுப்பிரமணியன் இப்பிரிவைச் சேர்ந்தவர். இரண்டாம் உலகப் போரில் இத்தாலியில் கண்ணிவெடி அகற்றும் பணி அவருக்கு வாய்த்தது.

புதைந்த வெடியைக் கண்டறிவது எப்படி? போலந்துப் பொறியாளர் கொசாட்ஸ்கி 1941இல் இதற்கொரு கருவி அமைத்தார். அதில் இரு கம்பிச்சுருள்கள் உண்டு. ஒன்றில் மாறுதிசை மின்னோட்டம் பாயும். மற்றது காதில் மாட்டும் கேட்பொறியோடு இணைந்திருக்கும். இரண்டும் சமநிலையில் உள்ளவரை ஓசை கேட்காது. அருகே உலோகம் வந்தால் அதில் சுழல் மின்னோட்டம் தூண்டப்பட்டு, சமநிலை குலைந்து ஒலி எழும். நீங்கள் படிக்கும் ஃபாரடேயின் மின்காந்தத் தூண்டல்தான் இது. ஆனால் போர்க்களத்தில் சிதறிய குண்டுத் துண்டும் ஒலி எழுப்பும். மரப்பெட்டியில் வைத்த வெடியோ பெரும்பாலும் மௌனமாகவே இருக்கும். கருவியை மட்டும் நம்பி நடக்க முடியாது.

ஜெர்மானியரின் 'எஸ்' வகை வெடி மிகக் கொடியது. மிதித்தவுடன் வெடிக்காது. ஏறக்குறைய 4 நொடிகள் கழித்து இடுப்பளவு உயரம் எகிறி, நூற்றுக்கணக்கான எஃகுக் குண்டுகளைப் பக்கவாட்டில் வீசும். தரையோடு படுத்தவர் ஒருவேளை தப்பலாம். நிற்பவர் தப்புவது அரிது. 1944 பிப்ரவரி 24ஆம் நாள் மிஞ்ஞானோ என்ற இடத்தில், குழுவில் ஒருவர் காலடியில் அத்தகைய வெடி தூண்டப்பட்டது. அந்த நான்கு நொடிகளில் சுப்பிரமணியன் தம்மைக் காத்துக்கொள்ள முயலவில்லை. வெடியின்மேல் பாய்ந்து உடலால் மூடினார். தோழர்கள் பிழைத்தனர், அவர் மாண்டார். மறைவுக்குப்பின் அவருக்கு ஜார்ஜ் சிலுவை விருது வழங்கப்பட்டது.

அமைதிக் காலத்திலும் தம்பிகளுக்கு ஓய்வில்லை. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் நிலச்சரிவு சூரல்மலைப் பாலத்தை அடித்துச் சென்றது. அக்கரையில் மக்கள் சிக்கினர். மறுநாள் இரவு வேலையைத் தொடங்கி, ஆகஸ்ட் 1 மாலைக்குள் 190 அடி நீளப் பெய்லி பாலத்தை இப்பிரிவினர் முடித்தனர். 24 டன் பாரம் தாங்கும் பாலம் அது.

ஆங்கிலேயரான டொனால்ட் பெய்லி இரண்டாம் உலகப் போரின்போது வகுத்த முறை இது. பாலத்தைக் கரையிலேயே உருளைகள்மேல் பூட்டி, முன்னால் இலேசான 'மூக்கு' ஒன்றைச் சேர்த்துத் தள்ளுவார்கள். ஓர் அளவுகோலை மேசை விளிம்புக்கு வெளியே மெல்லத் தள்ளிப் பாருங்கள். பாதி தாண்டியதும் கவிழும். உள்முனையில் ஓர் அழிப்பான் வைத்தால் இன்னும் சற்றுத் தூரம் தள்ளலாம், அல்லவா? பாலத்திலும் மூக்கு எதிர்க்கரையைத் தொடும்வரை ஈர்ப்பு மையம் இக்கரை உருளைக்குப் பின்னாலேயே இருக்க வேண்டும். தவறினால் பாலம் ஆற்றில்தான்!

பெய்லி பாலத்தின் பக்கச் சட்டம் ஒன்று 10 அடி நீளம், ஏறத்தாழ 260 கிலோ எடை. ஆறு பேர் தூக்குவார்கள். அப்படியானால் 190 அடிக்கு ஒரு வரிசையில் எத்தனை சட்டங்கள் வேண்டும்? ஒவ்வொருவரும் எத்தனை கிலோ சுமப்பார்? கணக்கிட்டுப் பாருங்கள்.