விசேட தேவையுடைய பிள்ளைகளுக்குச் சித்திரக் களரி அமைத்தல்

கல்லூரி விழா ஆண்டில் பழைய மாணவர் ஆற்றக்கூடிய தொண்டுகள் பல. மண்டபம் எழுப்புதல், நூலகத்துக்கு நூல் வழங்குதல், பரிசில் நிறுவுதல் ஆகியன யாவரும் அறிந்தவை. அவற்றோடு வேறொன்றையும் சேர்த்தெண்ணுமாறு இக்கட்டுரை வாயிலாக வேண்டுகின்றேன். நெல்லியடியிலும் அதனைச் சூழ்ந்த கரவெட்டி, துன்னாலை, கரணவாய், உடுப்பிட்டி முதலிய ஊர்களிலும் வாழும் விசேட தேவையுடைய பிள்ளைகளுக்கு விடுமுறைதோறும் ஒரு சித்திரக் களரி நடத்துதலே அது. பார்வையோ கேள்வியோ குன்றியோர், மூளை முடக்குவாதத்தால் கைகால் வசப்படாதோர், ஓட்டிசம் எனப்படும் மதியிறுக்கம் உடையோர், கற்றலில் மெல்லச் செல்வோர் ஆகிய யாவரையும் மனத்திற்கொண்டே எழுதுகின்றேன். இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. தக்க திட்டமே வேண்டும். அத்திட்டத்தில் நாம் வழக்கமாக வழுக்கி விழும் இடம் ஒன்றுண்டு.

சில ஆண்டுகளின் முன் இக்குடாநாட்டில் நடைபெற்ற கண்காட்சி ஒன்றிற்குச் சென்றிருந்தேன். சுவரில் எட்டுத் தாமரைகள் வரிசையாகத் தொங்கின. இதழும் தண்டும் எட்டிலும் ஒன்றுபோலவே இருந்தன. ஒரு தாமரையின் கீழ் நின்ற சிறுவனை நோக்கி, இதில் எந்த நிறம் உனக்கு விருப்பம் என வினவினேன். அவன் சிறிதும் தயங்காமல், “இது ரீச்சர் கீறினது சேர். நான் பேர் மட்டும் எழுதினனான்” என்றான். அவனுக்கு அதில் வருத்தமும் இருந்ததாகத் தெரியவில்லை. அதுவே என்னை வருத்தியது. பிறரைக் குறைகூற யான் தகுதியுடையேன் அல்லேன். கை நடுங்கும் பிள்ளையொன்றின் விரல்களைப் பற்றி நேர்கோடு கீறுவித்துவிட்டு, உதவி செய்தேன் என மகிழ்ந்த நாள்கள் எனக்கும் உண்டு.

இத்தவற்றின் வேர் கண்காட்சியிலேயே உளது. விருந்தினர் வருவர், படம் அழகாயிருத்தல் வேண்டும் என்னும் எண்ணம் முந்திக்கொள்ளும், பிள்ளை பிந்திவிடும். ஆதலின் களரியைத் திட்டமிடுவோர், சுவரில் தொங்கப்போகும் படத்தை விடுத்து, வந்திருக்கும் பிள்ளையின் கையிலிருந்து தொடங்குதல் வேண்டும்.

இக்கொள்கை நமக்குப் புதிதன்று. 1920ஆம் ஆண்டு முதல் இலங்கையில் சித்திரக் கல்விக்குப் பொறுப்பாயிருந்த சி. எவ். வின்சர், பார்த்துக் கீறும் பழைய முறையை விடுத்துப் பிள்ளை தன் மனத்திற் கண்டதைக் கீற இடமளித்தவர். அவர் பெயரால் 1938இல் யாழ்ப்பாணத்தில் ஓவியர் எஸ். ஆர். கனகசபை ஒரு சித்திரக் கழகம் நிறுவினார். எனினும் ‘மனத்திற் கண்டது’ என்பதில் கண் இல்லாத பிள்ளையின் மனமும் அடங்குமோ என்பதனை அக்காலத்தில் எண்ணிப் பார்த்தோர் சிலரே.

அதனை ஆழ்ந்து ஆராய்ந்தவர் விக்டர் லோவன்பெல்ட். வியன்னா நகரிலிருந்த குருடர் பாடசாலையில் அவர் மாணவரைக் களிமண்ணில் உருவஞ் செய்வித்தார். கண்ணால் ஒருபோதும் முகத்தைக் கண்டிராதோர் முகங்களை ஆக்கினர். தம் உடலில் எவ்வுறுப்பின் உணர்ச்சி மிகுந்ததோ அதனைப் பெரிதாக்கினர். காண்போர் அளவு தவறிற்று என்பர். செய்த பிள்ளைக்கோ அதுவே சரியான அளவு. பார்வை நன்குடையோரிலும் கண்ணைவிட உடலுணர்வையே பற்றிச் செல்வோர் உளர் எனவும் அவர் கண்டார். 1938இல் நாட்டைவிட்டு நீங்கி அமெரிக்காவில் ஆசிரியரான அவர் 1947இல் வெளியிட்ட நூலில், அச்சிட்ட கோட்டினுள் நிறந்தீட்டும் புத்தகங்களை வன்மையாகக் கண்டித்தார். நம் கடைகளில் இன்றும் அப்புத்தகங்களே குவிந்து கிடக்கின்றன!

சாந்திநிகேதனத்து ஓவியர் வினோத பிகாரி முகர்ஜியையும் இங்கு நினைத்தல் தகும். இளமையிலேயே பார்வை குறைந்தவரான அவர், கண் சிகிச்சையின் பின் அதனை முற்றாக இழந்தார். அதன் பின்னரும் கடதாசி வெட்டி ஒட்டியும், மெழுகில் உருவமைத்தும், 1972இல் ஓடுகளால் சுவர்ச்சித்திரம் சமைத்தும் வந்தார். மாணவராயிருந்த சத்தியஜித் ராய் அவரைப்பற்றி ஒரு படமும் எடுத்தார்.

இனி நம்மூர்க் காரியத்துக்கு வருவோம். கைதடியில் நவீல்ட் பாடசாலை 1956 முதல் செவிப்புலனும் கட்புலனும் குன்றிய பிள்ளைகளுக்குக் கல்வியூட்டி வருகின்றது. கோண்டாவிலில் சிவபூமிப் பாடசாலை உளது. ஆயினும் வடமராட்சியிலிருந்து நாடோறும் அங்குச் சென்றுவர இயலாதோர் பலர். அவர் வீட்டிலோ, அயற் பாடசாலையின் விசேட கல்வி அலகிலோ இருப்பர். அவர்க்கு அண்மையிலே களரி அமைதல் வேண்டும்.

முதலில் தாயாரைக் கேட்டறிதல். பிள்ளை எதற்கு அஞ்சும், எதனை வாயில் வைக்கும், மலசலகூடத்துக்குச் செல்ல விரும்புவதை எங்ஙனம் உணர்த்தும், வலிப்பு வருவதுண்டோ, எம்மருந்து எந்நேரம் என்பனவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்க. மருத்துவச் சான்றிதழில் உள்ள நோயின் பெயரைவிட இத்தாள் பயன்படும். பிள்ளைகள் எட்டுப் பேருக்கு மேற்படலாகாது. இருவருக்கு ஓர் உதவியாளர் வேண்டும். ஒருமுறைக்கு முக்கால் மணி நேரம் போதும். கோயிற்றிருவிழா நடக்கும் நாள்களை விலக்குக. ஒலிபெருக்கியையும் வெடியையும் தாங்கமாட்டாத பிள்ளையைச் சந்தியிலுள்ள மண்டபத்துக்கு அழைத்துவந்து சித்திரங் கீறென்பது கொடுமை.

மதியிறுக்கமுடைய பிள்ளைக்கு அடுத்து நிகழ்வது யாதெனத் தெரிதல் பெரிய ஆறுதல். வந்து அமர்தல், களிமண், கை கழுவுதல், வீடு செல்லல் என்பவற்றைச் சிறு படங்களாக வரிசையில் ஒட்டி வைக்கலாம். களைத்தால் ஒதுங்குவதற்கு ஒரு மூலையோ மாமரத்தடியோ இருத்தல் நன்று. செவிப்புலன் குன்றியோர்முன் பேசுபவர் யன்னலுக்கு முதுகுகாட்டி நின்றால் முகம் இருண்டு உதடு தெரியாது. கண் தெரியாத பிள்ளைக்குப் பொருள்களைச் சுளகினுள் வைத்துக் கொடுத்துப் பாருங்கள். விளிம்பு கையிற் படும், தேடியலைய வேண்டியதில்லை. தூரிகை பிடிக்க வலுவற்ற விரல்களுக்குக் காம்பிலே பழைய சயிக்கிள் ரியூப்பைச் சுற்றிப் பருமனாக்கலாம். கடதாசியின் நான்கு மூலைகளையும் மேசையோடு ஒட்டிவிட்டால் மற்றக் கை விடுதலை பெறும்.

பொருள்களுக்குக் கொழும்புக் கடையை நாட வேண்டியதில்லை. களிமண், கரித்துண்டு, அரிசிமா, மஞ்சள், பனையோலை என யாவும் அயலில் உள. வாயில் வைத்தாலும் அரிசிமாவும் மஞ்சளும் கேடு செய்யா. மஞ்சளோடு சுண்ணாம்பு கலந்தாற் சிவக்கும் விந்தையைக் காட்டலாம். ஆயின் சுண்ணாம்பு தோலையும் கண்ணையும் சுடுமாகையால் கலப்பவர் பெரியவராயிருக்க வேண்டும். மஞ்சளிற் பிள்ளையார் பிடிக்கும் கையை நம் பிள்ளைகள் வீட்டிற் கண்டிருக்கின்றனர், அல்லது தொட்டறிந்திருக்கின்றனர். அதிலிருந்தே தொடங்கலாம். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த பழமொழியை மாத்திரம் அன்றைக்கு எவரும் வாய்திறந்து சொல்லலாகாது! களிமண்ணின் ஈரத்தை வெறுக்கும் பிள்ளையும் உண்டு. அதனை வற்புறுத்தாது ஈர்க்கையோ குச்சியையோ கொடுக்க.

வடமராட்சியார்க்கு வேறொரு செல்வமும் உண்டு. அது தைமாதத்துப் பட்டம். சட்டங் கட்டுதல், ஒட்டுதல், நிறந்தீட்டுதல் என ஒவ்வொரு கைக்கும் ஏற்ற வேலை அதில் உண்டு. விண் கட்டிய பட்டம் மேலே எழும்போது அதன் ஒலியைப் பார்வையற்ற பிள்ளை கேட்கும்; செவி கேளாத பிள்ளை நூலின் அதிர்வை விரலால் உணரும். கட்புலனுக்குரியதென நாம் எண்ணிய கலையொன்று இங்ஙனம் காதுக்கும் தோலுக்கும் உரியதாகின்றது. வாடைக்காற்றுக் காலத்துக் களரிக்கு இதனினும் ஏற்றதொன்றை யான் அறியேன்.

உதவியாளர் பெரும்பாலும் உயர்வகுப்பு மாணவராகவே இருப்பர். அவர்க்கு முதல்நாள் ஒருமணி நேரம் பயிற்சி தேவை. அதில் கற்பிக்க வேண்டியவற்றுள் தலையாயது கையைக் கட்டிக்கொண்டு இருத்தல். கடதாசியைப் பிடிக்கலாம், நிறத்தை அண்மையில் நகர்த்தலாம், பிள்ளை கேட்டால் கையைத் தாங்கலாம். பிள்ளையின் கோட்டின்மேல் தம் கோட்டைப் போடலாகாது. ஒரு பிள்ளை முக்கால் மணி நேரமும் கறுப்பு நிறத்தையே பூசினால், பூசட்டும். வேறு நிறம் தருவதாயின் அருகில் வைத்துவிட்டு வாளாவிருத்தலே முறை. இளைஞர்க்கு இது மிக அரிது. ஆசிரியர்க்கு அதனினும் அரிது.

கண்காட்சி அறவே கூடாதென்பது என் கருத்தன்று. தம் பிள்ளையின் ஆக்கத்தைச் சுவரிற் காண்பது பெற்றோர்க்கு எத்துணை ஆறுதல் என்பதை அறிவேன். ஆனால் தொங்கவிடலாமோ எனப் பிள்ளையையே கேட்டறிதல் வேண்டும். சொல்லாலோ சைகையாலோ தலையசைப்பாலோ பெறும் விடை எதுவாயினும் அதன்படி செய்க. மறுத்த பிள்ளையின் படம் சுருட்டப்பட்டு அதனோடேயே வீடு செல்லட்டும். கண் தெரியாதோர் ஆக்கியவற்றின் அருகில் ‘தொடற்க’ என எழுதிவைத்தல் ஆகாது. அவற்றைத் தாழ்ந்த மேசையில் வைத்து யாவரும் தொட்டறிய விடுக.

இத்தொண்டில் ஈடுபட விரும்பும் பழைய மாணவர் தவணை விடுமுறைக்கு ஒருமாதம் முன்னரே கூடுதல் நலம். அன்று களிமண்ணைப் பற்றியோ மண்டபத்தைப் பற்றியோ பேச வேண்டியதில்லை. தாயாரிடம் கேட்கவேண்டிய கேள்விகளை எழுதிக்கொண்டு, இருவர் இருவராகப் பிரிந்து, வீடுகளுக்குச் செல்லத் தொடங்கலாம்.